ஓரத்துக் குழிகள்

பரமக்குடி
4-6-2025

தஸ்னீமுக்கு,

வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். இன்னும் நீ கவனிக்கவே இல்லை என்றால் அதற்கும் சேர்த்துக் கோபப்படுகிறேன். போனில் பேசினால் பாதியில் எனக்கு அழுகை வரும். நீ அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் தபால். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன், வரவில்லை என்று நீ சொல்ல முடியாது.

உன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஹைதராபாத் கருத்தரங்கு, பச்சைப் புள்ளி போட்ட ஆள் உயரப் போஸ்டர், பக்கத்தில் புது ஹிஜாபில் நீ, பல் அத்தனையும் தெரிகிற சிரிப்பு. போஸ்டரை விரலால் பெரிதாக்கிப் படித்தேன். ஒரே தட்டில், ஒரே உணவில் வளர்ந்த மனித செல்களில் ஆறில் ஒன்றில் மட்டும் இந்தப் புரதம் உட்கருவுக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது, மற்றவற்றில் இல்லை. கீழே உன் பெயர், அதற்குப் பக்கத்தில் ஆய்வகத்தை நடத்துகிற முத்துகிருஷ்ணன் சார் பெயர். நன்றி சொல்லும் இடத்தில் பொடி எழுத்திலாவது நான் இருக்கிறேனா என்று தேடினேன். இல்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், தெரியாத மாதிரி நீ நடந்துகொள்வதால். நீ பெங்களூரு ஆய்வகத்தில் செல்லுக்குச் சாயம் ஏற்றுகிறாய், தேடுகிற புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே பச்சையாக ஒளிரும். அதைப் படம் எடுத்து அனுப்புகிறாய். நான் இங்கே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, பச்சை எங்கே இருக்கிறது, உட்கருவிலா, சவ்விலா, மைட்டோகாண்ட்ரியாவிலா என்று கட்டத்தில் குறிக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு படம். கரண்ட் போனால் ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டுகிறேன். அந்தத் தட்டின் படங்களுக்கு மட்டும் எந்தக் கட்டமும் பொருந்தவில்லை. அதனால் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினேன்: "எல்லா செல்லிலும் இல்லை. ஆறில் ஒன்றில் உட்கருவுக்குள் பொட்டு. பக்கத்து செல்லில் இல்லை. ஏன்?" அந்த ஆறில் ஒன்று நான் எண்ணியது. ஒரு வாரம் எண்ணினேன்.

இது முதல் தடவையாக இருந்தால் மறந்திருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன் உன்னுடைய இந்த ஆய்வக வேலைக்கு நாம் இருவரும் ஒன்றாக ரயிலேறினோம். செல்லுக்குள் புரதம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று நான் உனக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். நான் ரயிலில் சொன்னதை நீ நேர்காணல் அறைக்குள் போய்ச் சொன்னாய். ஒரே ஓர் இடம், அது உனக்குக் கிடைத்தது. "வீட்ல இருந்தே படம் பாக்குற வேலை வாங்கித் தாரேன்டி" என்றாய். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது கட்டுரை பத்திரிகைக்குப் போகப்போகிறது என்று கேள்வி. அதில் என் பெயர் வர வேண்டும். பெயர் இருந்தால் நான் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் என்னைப் பெற்ற அய்யா சொல்கிற மாதிரி ஆவணிக்குள் எவன் வருகிறானோ அவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மதுமதி


பெங்களூரு
10-6-2025

மதுமதி,

கடிதம் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன், சந்தோஷமா? விடுதியில் எல்லோரும் கோர்ட் நோட்டீஸா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

முதலில் ரயில் விஷயம். பதிலைச் சொன்னது நீதான், மறுக்கவில்லை. ஆனால் உன்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நீ மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் வாயை நான் பொத்தவில்லை. இரண்டு வருஷமாக நான் ஏதோ திருடிவிட்ட மாதிரி ஒரு பேச்சு உன்னிடம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்குக் காது புளித்துவிட்டது.

அடுத்து உன் குறிப்பு. நீ பார்த்தது படம். அந்தப் படம் வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறாயா? ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழி. ஒவ்வொரு குழியிலும் செல் வளர்க்க வேண்டும், ஊற்ற வேண்டும், வடிக்க வேண்டும், கழுவ வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடியும் கழுவ வேண்டும். நோன்பு மாசம் முழுக்க நாவில் தண்ணீர் படாமல் நின்று செய்தேன். பெருநாளுக்குக்கூட ஊருக்கு வரவில்லை. நீ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கட்டம் தட்டினாய், அவ்வளவுதான்.

இதை எழுதவே கூடாது என்று இருந்தேன். நீ கிளறிவிட்டாய், வாங்கிக்கொள். கல்லூரியில் நான் அரை மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தேடுவேன். நீ பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "இந்தா இருக்குல்ல" என்பாய். அப்போதே எனக்கு உன்னைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே தள்ளத் தோன்றும். அந்தத் தட்டின் படங்களை உனக்கு அனுப்பும் முன் நான் மூன்று முறை பார்த்தேன். எனக்குப் பொட்டு தெரியவில்லை. உன் குறிப்பைப் படித்த பிறகு பார்த்தால் எல்லாப் பக்கமும் பொட்டு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் வந்து யார் கவனித்தது என்று கேட்டார். "நான்தான் சார்" என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு எப்படித் திரும்ப எடுப்பது?

கட்டுரை ஜூலை முதல் வாரம் போகிறது. நன்றிப் பகுதியில் உன் பெயரைப் போடுகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

தஸ்னீம்


பரமக்குடி
16-6-2025

அன்புள்ள தஸ்னீம்,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் போய்விட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. நின்றவள் நீ, நான் உட்கார்ந்திருந்தவள்.

அதனால் என் பெயர் வேண்டாம். நன்றிப் பகுதியிலும் வேண்டாம், எங்கேயும் வேண்டாம். முழுக்க முழுக்க உன் பெயரிலேயே இருக்கட்டும். இன்னும் பெரிய கருத்தரங்குகளுக்கெல்லாம் போ, மேடையில் ஏறிப் பேசு. கட்டுரை எந்தத் தேதியில் போகிறது என்று மட்டும் எழுது, எனக்கு ஒரு திருப்திக்கு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பெருநாளுக்கு நீ வராத குறைக்கு உன் உம்மா என்னைக் கூப்பிட்டதால் நேற்று கீழக்கரைக்குப் போயிருந்தேன். உன் கட்டிலில் உட்கார வைத்து, உன் தட்டில்தான் சோறு போட்டார்கள். கறியில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்கள். திரும்பும்போது ஒரு டப்பா நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். நீ இல்லாத குறையே தெரியவில்லை.

இங்கே மிளகாய் முடிந்துவிட்டது, களத்தில் கடைசி வத்தல் காய்கிறது. வழக்கம்போல ஓரம்தான் முதலில் காய்ந்தது. அய்யா ஓரத்தை மட்டும் அள்ளிக் குவித்துவிட்டு, நடுவில் கிடப்பதை இன்னும் இரண்டு நாள் விடுவோம் என்கிறார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தேதியை எழுத மறந்துவிடாதே.

உன் மது


பெங்களூரு
24-6-2025

மது,

நீ "அன்புள்ள" என்று எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழு வருஷப் பழக்கத்தில் நீ எனக்கு அப்படி ஒரு தடவைகூட எழுதியதில்லை.

உம்மா போனில் அரை மணி நேரம் உன் புராணம் பாடினார். "மது வந்திச்சு, கேக்காமலே சட்டியெல்லாம் கழுவி வெச்சிச்சு. நீ வந்தா கட்டிலை விட்டு எந்திரிப்பியா?" என் கட்டில், என் தட்டு, என் உம்மா. நான் இங்கே பெருநாளுக்கு விடுதியில் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். நீ அங்கே என் பங்குக் கறியைச் சாப்பிட்டுவிட்டு எனக்கே கடிதம் எழுதுகிறாய். நன்றாக இரு.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. உன் பெயரைக் கட்டுரையில் போட்டாகிவிட்டது. நன்றிப் பகுதியில் இல்லை, மேலே, என் பெயருக்கு அடுத்து. போன வாரம் சாரிடம் போய், அந்தக் குறிப்பை எழுதியது மதுமதி, நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று நீ எழுதியது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கணினியைத் திறந்து, இரண்டு வருஷமாக நீ எழுதிய குறிப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் படித்தார். மூன்று மணி நேரம். பிறகு, "இந்தக் கண்ண ரெண்டு வருசமா வீட்ல உக்கார வெச்சிருக்கோமா?" என்றார். ஜூலை பதினேழாம் தேதி பிஎச்.டி. இடத்துக்கு நேர்காணல். உன்னை வரச் சொல்லியிருக்கிறார். கட்டுரையில் பெயர் இருப்பதால் விண்ணப்பமும் செல்லுமாம்.

ஒரே ஓர் இடம்தான் மது. அது எனக்குத்தான் என்று இத்தனை நாளும் இருந்தேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. காந்துகிறது.

கட்டுரை ஜூலை ஐந்தாம் தேதி போகிறது. ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. சரிபார்க்க இரண்டாவதாக ஒரு தட்டு போட்டேன், அதில் பொட்டு வரவில்லை. சாயம் பழசாகிவிட்டது என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் இருக்கும்.

தஸ்னீம்


பரமக்குடி
29-6-2025

தஸ்னீம்,

சாயம் பழசாகவில்லை.

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதும்போது உன் முகம் தெரியாது, அதனால் எழுதுகிறேன். குறுக்கே வராமல் கடைசி வரை படி.

உன் முதல் கடிதம் வந்த அன்றே நான் சாருக்கு நேராக எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் மூக்கை உடைக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? அந்தத் தட்டின் படங்களை எல்லாம் திரும்ப எடுத்து, பொட்டு இருக்கிற படம் ஒரு பக்கம், இல்லாத படம் ஒரு பக்கம் என்று பிரித்தேன். வேலை செய்யும்போது படங்கள் கலைந்து வரும், எந்தப் படம் எந்தக் குழி என்று நான் பார்ப்பதில்லை. ஆனால் கோப்பின் பெயரிலேயே குழி எண் இருக்கிறது. பொட்டு இருந்த படங்களின் எண்களை வரிசையாக எழுதினேன். எல்லாமே தட்டின் ஓரத்துக் குழிகள். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டு பக்கவாட்டு. நடுவில் இருக்கும் அறுபது குழியில் ஒரு செல்லில்கூடப் பொட்டு இல்லை.

களத்தில் வத்தல் காயும்போது ஓரம் முதலில் காய்கிற மாதிரிதான். தட்டு காய்ந்திருக்கிறது. காய்ந்த செல்லில் சாயம் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னியிருக்கிறது. அந்தப் புரதம் அங்கே போகவே இல்லை.

எப்போது காய்ந்தது என்றும் எனக்குத் தெரியும். கோப்பின் பெயரில் சாயம் ஏற்றிய தேதியும் இருக்கிறதே. மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, படம் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுச் சிரித்தாள். எங்கள் அய்யாவும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் வண்டி ஏறியதும் நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் உனக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் அழுதேன். நடுவில் நீ சொன்னாய், "மது, தண்ணிய வடிச்சு வெச்சிட்டேன், தட்டு காயுதுடி. வெச்சிட்டு அப்புறம் கூப்பிடட்டா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஒனக்கு என்னைய விடத் தட்டுதான் பெருசாப் போச்சா?" என்றேன். நீ போனை வைக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் உனக்கு "அன்புள்ள" போட்டு எழுதினேன். என் பெயர் வேண்டாம் என்றதும் அதற்காகத்தான். நீ ஒரு பெரிய மேடையில் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் எழுந்து, எல்லாம் ஓரத்துக் குழியாக இருக்கிறதே என்று கேட்க வேண்டும். அந்தச் சிரிப்பு உன் முகத்திலிருந்து போக வேண்டும். பத்து நாளாக இதை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். உம்மா கறியைத் தள்ளி வைத்தபோது ஒன்றும் தெரியாதவளாகச் சாப்பிட்டேன். வந்து எழுதியதுதான் அந்தக் கடிதம்.

இப்போது நீ என் பெயரையும் போட்டுவிட்டாய். பதினேழாம் தேதி நேர்காணல் என்கிறாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு எல்லாம் கிடைக்கும். இரண்டு நாள் மூடிக்கொண்டும் பார்த்தேன். அய்யாவிடம் பெங்களூரு போகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர், பெட்டி இருக்கா, வாங்கணுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு இதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

ஆனால் அன்றைக்கு நீ போனை வைத்திருந்தால் இந்தப் பொட்டே கிடையாது. நீ வைக்கவில்லை. அதை நினைத்துவிட்டு உன்னை ஐந்தாம் தேதி அனுப்ப விட என்னால் முடியவில்லை. குழி எண்களின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். சாரிடம் காட்டு. என் பெயரை எடுத்துவிடு.

மதுமதி


பெங்களூரு
9-7-2025

மது,

எனக்குத் தெரியும்.

தட்டு என் கண் முன்னால் காய்ந்தது, எனக்குத் தெரியாமல் இருக்குமா? அன்று அவசரமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒன்றும் ஆகாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் குறிப்பைப் பார்த்து எல்லோரும் ஆகா ஓகோ என்றபோது அதை மறந்தும் போனேன். இரண்டாவது தட்டு வெறுமையாக வந்தபோதுதான் மார்ச் ஒன்பது ஞாபகம் வந்தது.

அதற்கு மறுநாள்தான் சாரிடம் போய், குறிப்பை எழுதியது மதுமதி என்று சொன்னேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. என்றைக்காவது இது வெளியே வந்தால் நான் மட்டும் தனியாக விழக்கூடாது, என் பக்கத்தில் நீயும் விழ வேண்டும் என்றுதான் உன் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் போட்டேன். சார் உன் குறிப்பை எல்லாம் படித்து உன்னை நேர்காணலுக்குக் கூப்பிடுவார் என்று நான் கண்டேனா? உன்னைக் குழிக்குள் இழுக்கப் போய் உனக்கே ஏணி போட்டுக் கொடுத்தேன். எரிச்சலில் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

பிறகு உன் கடிதம் வருகிறது. நான் இரண்டு வாரமாகச் சொல்லலாமா வேண்டாமா என்று விழுங்கிக்கொண்டிருந்ததை நீ நாலு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டாய். மைக்ரோஸ்கோப்பில் நீ முதல், என் உம்மாவிடம் நீ முதல், சரி போகட்டும். உண்மையைச் சொல்வதிலாவது என்னை முந்தவிட்டிருக்கக் கூடாதா? படித்து முடித்ததும் முதலில் வந்தது அந்த ஆத்திரம்தான். அழுகை பிறகுதான் வந்தது.

நாலாம் தேதி காலையில் உன் பட்டியலைச் சாரிடம் கொடுத்தேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை, அது எனக்கு எழுதியது. தட்டு காய்ந்ததை நானே சொன்னேன். ஏன் காயவிட்டாய் என்று கேட்டார். போன் வந்தது என்றேன். யாரிடமிருந்து என்று கேட்டார். "வீட்ல இருந்து சார்" என்றேன்.

அன்றே வேண்டுமென்றே ஒரு தட்டின் ஓரத்தைக் காயவிட்டுச் சாயம் ஏற்றினோம். மூன்றாம் நாள் பார்த்தால் அதே பொட்டு, அதே பளிச். நடுவில் ஒன்றுமில்லை. கட்டுரை நின்றுவிட்டது. ஹைதராபாத்துக்குச் சார் கடிதம் எழுதி என் போஸ்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஸ்டேட்டஸ் போட்ட படத்தை அழித்துவிட்டேன். பாதி ஆய்வகம் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டது, அது வேறு விஷயம். சார் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்றுக் கூப்பிட்டார். கட்டுரை இல்லை, அதனால் உன் விண்ணப்பம் செல்லாது என்று சொல்வார் என நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் உன் பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தார். "சொந்தக் கணக்கு தப்புன்னு தானே எழுதி அனுப்புற ஆள் எனக்கு வேணும். விதியெல்லாம் நான் பாத்துக்கறேன், பதினேழாம் தேதி வரச் சொல்லு" என்றார். அப்போ நான் சார் என்று கேட்டேன். "நீயும் வந்து சொன்னேல்ல? நீயும் விண்ணப்பம் போடு" என்றார்.

ஆக மறுபடியும் நீயும் நானும், ஒரே ஓர் இடம். விண்ணப்பத்தை இன்று கொடுத்துவிட்டேன். உனக்காக விட்டுக்கொடுப்பேன் என்று கனவு காணாதே. எனக்கு அந்த இடம் வேண்டும், உன்னைவிட அதிகமாக வேண்டும்.

பதினாறாம் தேதி காலை ஸ்டேஷனுக்கு வருகிறேன். என் அறையில் தங்கு. உம்மாவிடம் சொல்லித் தொதல் வாங்கி வா, டப்பாவை வழியில் திறந்துவிடாதே. முதலில் அந்த பிளாக்கை எடு, எந்தப் பெட்டியில் ஏறினாய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்று. வரும் வழியில் உனக்கு என்ன தோன்றினாலும் சரி, ஸ்டேஷனிலிருந்து அறைக்குப் போகும்போது நான் எவ்வளவு துருவிக் கேட்டாலும் சரி, ஒரு பதிலையும் என்னிடம் சொல்லிவிடாதே. உள்ளே போய் நீயே சொல்.

தஸ்னீம்